அமெரிக்காவில் ஒரு லெபனான்



லெபனான் என்றவுடன் நம் மனக்கண்ணில் தோன்றுவது மத்தியதரைக் கடலோரத்து அரபு நாடு. பனி படர்ந்த மலைகள். வரலாற்றுப் புகழ்பெற்ற தேவதாரு இன மரங்கள். ஆனால் இம்மாதம் நான் உங்களை அழைத்துச் செல்லவிருக்கும் லெபனான் அங்கே இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரின் தெற்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதன் பெயர் மவுண்ட் லெபனான். 'லெபனான் மலை' என்று நாம் தமிழில் சொல்லலாம்.

இந்தப் பயணத்துக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம். விமானக் கட்டணமும் வேண்டாம். படித்தும் கேட்டும் அறிந்தவற்றை வழித்துணையாகக் கொண்டு செல்வோம். காணப்போவது அரண்மனையோ அருவியோ அன்று. ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குறும்பு பிறந்த இடம். 'குறும்பைக் காணவா இத்தனை தூரம்?' என்று கேட்கிறீர்களா? நம் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் கையிலும் கைப்பேசி என்ற சிறு கணிப்பொறி வந்துவிட்ட இக்காலத்தில், அந்தக் குறும்பின் கதை நமக்குத் தொலைவில் உள்ளதன்று.

மலையைக் குடைந்த வழி

பிட்ஸ்பர்க் நகருக்குள் நுழைவதே ஒரு காட்சிதான். விமான நிலையத்திலிருந்து வரும் சாலை, நகரின் வாயிலில் நிற்கும் மலையினுள் புகுந்து விடுகிறது. ஃபோர்ட் பிட் சுரங்கம் என்பது அதன் பெயர். மலையின் இருளைக் கடந்து வெளியே வந்த அக்கணமே, திரை விலகியது போல ஆறுகளும் பாலங்களும் வானளாவிய கட்டடங்களும் ஒருசேரக் கண்முன் விரிகின்றன. வடக்கிலிருந்து வரும் அலெகேனி ஆறும் தெற்கிலிருந்து வரும் மொனொங்ககீலா ஆறும் இங்கே கலந்து ஒகையோ என்னும் பேராறாகின்றன. நம்மூரார் இதைக் கண்டால் முக்கூடல் என்றே பெயரிட்டிருப்பர்.

ஒரு காலத்தில் உருக்கு என்றாலே பிட்ஸ்பர்க் என்று உலகம் சொல்லிற்று. ஆனால் 1980களில் அந்த உலைகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. புகழ்பெற்ற ஹோம்ஸ்டெட் உருக்காலை 1986இல் மூடப்பட்டது. நம் கதை அந்த மாற்றக் காலத்தில்தான் நிகழ்கிறது. உலைகள் அணைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் வீடுகளில் புதிய பொறி ஒன்று குடியேறத் தொடங்கியது. அதுவே கணிப்பொறி.

நகரின் நடுவே நிலத்தடி நிலையத்தில் சிறு மின்ரயில் ஏறினால், அது மொனொங்ககீலா ஆற்றைப் பாலத்தின் மேல் கடந்து, மறுபடியும் மலையைக் குடைந்து சென்று, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி நம்மை மவுண்ட் லெபனானில் சேர்க்கிறது. 1924இல் லிபர்ட்டி சுரங்கப் பாதை திறக்கப்பட்ட பின்னர் மோட்டார் வாகனம் வைத்திருந்த குடும்பங்கள் இங்கே பெருகின. செங்கல்லாலும் கருங்கல்லாலும் கட்டிய வீடுகள், வளைந்து செல்லும் தெருக்கள், நிழல் தரும் மரங்கள். ஏறத்தாழ 34,000 பேர் வாழும் அமைதியான ஊர். பிள்ளைகள் நடந்தே பள்ளி செல்வது இவ்வூரின் நெடுநாள் வழக்கம்.

பெயரின் கதையும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் க்ளோக்கி என்னும் பாதிரியார் மத்தியக் கிழக்கு நாடுகளுக்குப் பயணம் சென்று திரும்பியபோது லெபனான் தேவதாருக் கன்றுகளைக் கொணர்ந்து இங்கே நட்டார் என்றும், அதனால் இப்பெயர் வந்தது என்றும் ஊர் வரலாறு கூறுகிறது. ஒருவர் விருப்பத்துடன் நட்ட கன்று ஓர் ஊருக்கே பெயராகிவிட்டது. இதே ஊரில் இன்னொருவர் விளையாட்டாக நட்ட ஒரு விதையும் உண்டு. அது உலகெங்கும் முளைத்தது.

ஒன்பதாம் வகுப்பு மாணவன்

ரிச் ஸ்க்ரெண்டா என்பவர் 1981-82ஆம் கல்வியாண்டில் இவ்வூரில் ஒன்பதாம் வகுப்பு மாணவர். கிறிஸ்துமஸ் பரிசாக அவருக்கு 'ஆப்பிள் 2' என்னும் கணிப்பொறி வீட்டில் கிடைத்தது. அக்காலக் கணிப்பொறியை இன்றைய பிள்ளைகள் பார்த்தால் வியப்பார்கள். தகவலைச் சேமிக்க அதனுள் நிலையான இடம் கிடையாது. கறுப்புறைக்குள் இருக்கும் மெல்லிய 'ஃபிளாப்பி' தட்டைச் செருகியே பெரும்பாலும் அதை இயக்கினார்கள். விளையாட்டுகளும் அந்தத் தட்டுகளிலேயே இருக்கும். நம்மூர்ப் பிள்ளைகள் கதைப் புத்தகங்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டது போல, அவ்வூர்ப் பிள்ளைகள் தட்டுகளை மாற்றிக்கொண்டார்கள்.

ஸ்க்ரெண்டா தம் நண்பர்களுக்குத் தந்த தட்டுகளில் சிறு சூழ்ச்சி இருக்கும். விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் பொறி நின்றுவிடும். அல்லது திரையில் கேலி வாசகம் தோன்றும். இரண்டு மூன்று முறை ஏமாந்த நண்பர்கள் விழித்துக்கொண்டார்கள். 'எங்கள் தட்டை இனி நீ தொடவே கூடாது' என்று விலக்கிவிட்டார்கள்.

இங்கேதான் சற்று நின்று கவனிக்க வேண்டும், வாசகர்களே! குறும்புக்கார நண்பனிடமிருந்து தட்டை மறைத்து வைக்கலாம். அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மாணவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. 'நான் தொடாமலே என் குறும்பு அவர்கள் தட்டுக்குப் போய்ச்சேர வழி உண்டா?' அந்தக் குளிர்கால விடுமுறையில் அவர் அதற்கு விடை கண்டுபிடித்தார். 'எல்க் க்ளோனர்' என்று அதற்குப் பெயரிட்டார்.

அது செயற்பட்ட விதம் இது. அந்த நிரல் படிந்த தட்டைச் செருகிப் பொறியை இயக்கினால், நிரல் பொறியின் நினைவகத்தில் ஏறி ஓசையின்றி அமர்ந்துகொள்ளும். அடுத்து வேறொரு நல்ல தட்டைச் செருகினால் அதிலும் தன்னையே படியெடுத்து வைத்துவிடும். அந்தத் தட்டு மற்றொரு வீட்டுக்குப் போகும். அங்கும் இதுவே நிகழும். ஒரு தட்டு எத்தனை முறை இயக்கப்பட்டது என்று அது எண்ணிக்கொண்டும் இருக்கும். ஐம்பதாவது முறை இயக்கும்போது விளையாட்டுக்குப் பதிலாகத் திரையில் ஒரு சிறு பாட்டு வரும். 'நான் உன் தட்டுகளிலெல்லாம் குடியேறுவேன்' என்னும் பொருள்பட அந்த நிரல் தன்னைப் பற்றித் தானே பாடிக்கொள்ளும் கேலிப் பாட்டு.

1982ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பள்ளி நண்பர்களிடையேயும் உள்ளூர்க் கணிப்பொறி மன்றத்திலும் அது பரவியது. கணித ஆசிரியர் ஒருவரின் தட்டையும் அது விட்டுவைக்கவில்லை. ஆசிரியருக்கு அதில் சிரிப்பு வந்திராது என்பதை, ஆசிரியத் தொழிலில் இருப்பவன் சொல்லவும் வேண்டுமோ?

அப்போது இத்தகைய நிரலுக்குப் பெயரே கிடையாது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஃபிரெட் கோஹன் 1983இல் இதைப் போன்ற ஒன்றை ஆய்வாகச் செய்து காட்டிய பிறகுதான், 'வைரஸ்' என்ற சொல் இத்துறையில் நிலைபெற்றது. நோய்க்குப் பெயர் வைக்கும் முன்னரே நோய் ஊருக்குள் வந்துவிட்டது. ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, வீட்டுக் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ்களுள் ஒன்றாக எல்க் க்ளோனர் இன்றும் வரலாற்றில் குறிக்கப்படுகிறது.

பழைய குறும்பும் புதிய குறும்பும்

பள்ளிக் குறும்பு நமக்குப் புதிதன்று. கரும்பலகைத் துடைப்பானை ஒளித்து வைப்பதும், முன்வரிசைப் பையனின் முதுகில் காகிதம் ஒட்டுவதும், செருப்புகளை இடம் மாற்றி வைப்பதும் தலைமுறை தலைமுறையாக நடந்து வருபவை. கணிப்பொறி அறை வந்தபின் அதற்குரிய குறும்புகளும் வந்தன. மௌஸின் அடியில் காகிதத் துண்டை ஒட்டிவிடுவார்கள், அம்புக்குறி அசையாது. பழைய மௌஸாக இருந்தால் அதனுள் உருளும் குண்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்கள். திரையைப் படமெடுத்து அந்தப் படத்தையே திரையின் பின்னணியாக வைத்துவிடுவார்கள். ஆசிரியர் எங்கே அழுத்தினாலும் எதுவும் திறக்காது. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் 1964இல் பிறந்த 'பேசிக்' என்னும் எளிய கணிப்பொறி மொழி தெரிந்த பிள்ளைகளோ, 'இதை அச்சிடு', 'மீண்டும் முதல் வரிக்குப் போ' என்ற இரண்டே வரிகளில் தம் பெயர் திரையில் முடிவின்றி ஓடும்படி செய்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

இவையெல்லாம் ஒரே இனம். ஏனெனில் செய்தவனே போய்ச் சரிசெய்துவிடலாம். ஒட்டியதை உரிக்கலாம், ஒளித்ததைத் திருப்பித் தரலாம். யார் ஏமாந்தார் என்பதும் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து மன்னிப்பும் கேட்கலாம். எல்க் க்ளோனர் இந்த இனத்தைச் சேர்ந்ததன்று. அது செய்தவன் கையைவிட்டுப் போய்விட்டது. யாரிடம் போனது, எங்கே தங்கியது என்பது அவனுக்கே தெரியாது. ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, 1991 வளைகுடாப் போர்க் காலத்தில் கடற்படை வீரர் ஒருவருக்கும் அந்தத் தொல்லை நேர்ந்ததாக ஸ்க்ரெண்டாவின் செவிக்கு எட்டியது. பள்ளிச் சிறுவன் நண்பனைச் சிரிக்க வைக்க எழுதியது எங்கே, போர்க்களத்துக் கடற்படை வீரர் எங்கே?

இன்னொன்றும் உண்டு. எவருடைய தகவலையும் அழிக்க வேண்டும் என்று அவர் எழுதவில்லை. ஆயினும், வழக்கமான அமைப்பில் இல்லாத தட்டுகளில் அந்த நிரல் தன்னைப் படியெடுத்தபோது, அங்கே ஏற்கனவே இருந்த பகுதிகளின் மேல் எழுதிவிட்டது. தீய எண்ணம் இல்லை. தீங்கு மட்டும் நேர்ந்தது. வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு, எய்தவன் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொண்டா பாய்கிறது?

லாகூரின் ஒரு குடியிருப்பில்

கைவிட்டுப் போகும் இத்தன்மை அந்த ஒரு மாணவரோடு முடிந்ததா என்று பார்க்க, நான்கு ஆண்டுகள் கடந்து பாகிஸ்தானின் லாகூர் நகருக்குச் செல்வோம். கவிஞர் இக்பாலின் பெயரைத் தாங்கிய அல்லாமா இக்பால் டவுன் என்னும் குடியிருப்புப் பகுதி. அங்கே பாசித் ஃபாரூக் அல்வி, அம்ஜத் ஃபாரூக் அல்வி என்ற சகோதரர்கள் கணிப்பொறிக் கடை நடத்திவந்தனர். அவர்கள் பள்ளிச் சிறுவர்கள் அல்லர். தொழில் செய்த இளைஞர்கள். தாங்கள் உழைத்து எழுதிய மருத்துவ நிரலைப் பிறர் விலை தராமல் படியெடுப்பது அவர்களை வருத்தியது. படியெடுப்பவரைக் கண்டறியவே 1986இல் ஒரு நிரலை எழுதினார்கள். அதனுள் தங்கள் பெயரையும் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார்கள். 'பிரெயின்' என்ற அந்த நிரல், ஐபிஎம் வகைக் கணிப்பொறிகளில் பரவிய முதல் வைரஸ் ஆயிற்று.

அவர்கள் நினைத்தது லாகூர் வாடிக்கையாளர்களை. ஆனால் 1987இல் அது அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் காணப்பட்டது. வெளிநாடுகளிலிருந்து அவர்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. லாகூர்க் கடையில் புறப்பட்டது கடல் கடந்து அறிமுகமில்லாத மாணவர்களின் தட்டுகளில் ஏறியிருந்தது.

இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2011இல், ஃபின்லாந்தைச் சேர்ந்த கணிப்பொறிப் பாதுகாப்பு வல்லுநர் மிக்கோ ஹிப்போனன், அந்த நிரலில் எழுதியிருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு லாகூர் வந்தார். கதவைத் தட்டினார். அதே சகோதரர்கள், அதே இடத்தில், இணையச் சேவை தரும் நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். பெயரை மறைக்காமல் எழுதிய அவர்களின் வெளிப்படையான தன்மை பாராட்டத்தக்கது. ஆனால் முகவரி எழுதிய கடிதமும் கைவிட்டுப் போனால் போனதுதான்.

மீண்டும் பிட்ஸ்பர்க்

இனி, நம்மை மறுபடியும் பிட்ஸ்பர்க்குக்கே கொண்டு சேர்க்கும் ஒரு நிகழ்ச்சி. நியூயார்க் மாநிலத்தில் கயூகா ஏரியின் கரையில், ஆழ்ந்த மலைப் பிளவுகளும் அருவிகளும் சூழ்ந்த இதாக்கா என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள கார்னெல் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவராக இருந்தவர் ராபர்ட் மாரிஸ். வயது 22. அவருடைய தந்தை கணிப்பொறிப் பாதுகாப்பில் அமெரிக்க அரசின் உயர்நிலை வல்லுநர் என்பது கவனத்துக்குரியது.

1988 நவம்பர் 2ஆம் நாள், வலையமைப்பு வழியாகத் தானே பரவும் நிரல் ஒன்றை அவர் வெளியிட்டார். புறப்பட்ட இடம் தெரியாதிருக்க, வேறொரு பல்கலைக்கழகமான எம்.ஐ.டி.யின் பொறி வழியாக அனுப்பினார். ஒரு பொறியில் ஏற்கனவே குடியேறியிருந்தால் மறுபடி புகாமல் திரும்ப வேண்டும் என்று அதற்குச் சொல்லியிருந்தார். ஆனால் காவலர்கள் ஏமாற்றக்கூடும் என்று அஞ்சி, ஏழு முறைக்கு ஒருமுறை எப்படியும் புகுந்துவிடு என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கணக்கு தவறியது. ஒரே பொறியில் அது மீண்டும் மீண்டும் புகுந்து பொறிகளை மூச்சுத் திணறச் செய்தது. அக்காலத்தில் இணையத்தில் இருந்த ஏறத்தாழ 60,000 பொறிகளில் 6,000 அளவில் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

அடுத்து நடந்ததுதான் என் உள்ளத்தைத் தைத்தது. நிலை கைமீறியதை உணர்ந்த மாரிஸ், நண்பர் ஒருவர் வாயிலாக மன்னிப்பையும், அந்த நிரலைத் தடுக்கும் வழியையும் பெயர் குறிப்பிடாமல் வலையமைப்பில் அனுப்பச் செய்தார். ஆனால் அவருடைய நிரலே வலையமைப்பை அடைத்துக்கொண்டிருந்ததால் அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. குறும்பு முன்னே ஓடியது. மன்னிப்பு அதன் பின்னே வழியின்றி நின்றது.

1990இல் நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணிநேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் விதித்தது. சிறைக்கு அனுப்பவில்லை. பின்னாளில் அவர் எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர் ஆனார்.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகு, இத்தகைய நெருக்கடியில் உடனே உதவ ஒரு குழு வேண்டும் என்று அமெரிக்க அரசு உணர்ந்தது. அதே 1988இல் 'செர்ட்' என்னும் அவசர உதவிக் குழு பிட்ஸ்பர்க்கின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்டது. பிட்ஸ்பர்க்கின் ஓக்லாந்து பகுதியில், 42 மாடிகளுடன் எழுந்து நிற்கும் 'கல்விக் கோபுர'த்துக்கு அருகே அதன் கட்டடம் உள்ளது. அந்தக் கோபுரத்தினுள் பல நாட்டுப் பண்பாடுகளைக் காட்டும் வகுப்பறைகள் உண்டு. அவற்றுள் ஒன்று சிரியா-லெபனான் அறை. டமாஸ்கஸ் நகரின் 18ஆம் நூற்றாண்டு இல்லம் ஒன்றிலிருந்து கொணர்ந்த சித்திர வேலைப்பாட்டுச் சுவர்களும் கூரையும் அதில் ஒளிர்கின்றன.

மின்ரயிலும் பேருந்தும் மாறிச் சென்றால் சிறிது நேரத்தில் அடையக்கூடிய தொலைவில் இரண்டு இடங்கள். ஒன்று, கட்டுக்கடங்காத குறும்பு பிறந்த இடம். மற்றொன்று, அத்தகைய குறும்பின் விளைவைத் தணிக்க உலகுக்கே வழிகாட்டிய இடம். இடையே ஓடியவை ஆறே ஆண்டுகள்.

சியாட்டில் பள்ளியின் பாடம்

அப்படியானால் குறும்புக்காரப் பிள்ளையை அடக்கி ஒடுக்கிவிட வேண்டுமா? பெற்றோர் மனத்தில் எழும் இக்கேள்விக்கு விடை தேடி, அமெரிக்காவின் மறுகோடிக்கு, பசிபிக் கடற்பக்கத்துச் சியாட்டில் நகருக்குச் செல்ல வேண்டும்.

அங்குள்ள லேக்சைட் பள்ளியில் 1968இல், மாணவர்களின் தாய்மார் பழைய பொருள்களை விற்றுத் திரட்டிய பணத்தில், தொலைவிலுள்ள கணிப்பொறியோடு இணையும் தட்டச்சுப் பொறி ஒன்று வாடகைக்கு வாங்கப்பட்டது. அதைச் சுற்றிக் கூடிய சிறுவர்களில் பில் கேட்ஸ், பால் ஆலன், கென்ட் எவன்ஸ் ஆகியோர் இருந்தனர். கணிப்பொறி நேரத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டு. சிறுவர்கள் ஆர்வமிகுதியால் அந்நேரத்தை விற்ற நிறுவனத்தின் அமைப்பில் ஓட்டை கண்டுபிடித்து, இலவச நேரம் பெற முயன்றனர். பிடிபட்டனர். கோடைக்காலம் முழுவதும் கணிப்பொறியைத் தொடக் கூடாது என்று அந்நிறுவனம் தடை விதித்தது.

அத்துடன் விட்டிருந்தால் அது வெறும் தண்டனை. ஆனால் அந்தச் சிறுவர்களுக்கு வேறொரு வாயிலும் திறந்திருந்தது. எங்கள் அமைப்பில் பிழைகளைக் கண்டுபிடித்து எழுதிக் கொடுங்கள். அதற்கு ஈடாக நேரம் தருகிறோம் என்பது நிறுவனத்தோடு அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. ஓட்டை தேடிய கண்ணுக்கே, ஓட்டையை அடைக்கும் வேலை கிடைத்தது. பின்னர்ப் பள்ளியும் தன் வகுப்புக் கால அட்டவணையைக் கணிப்பொறியில் அமைக்கும் பொறுப்பை மாணவர்களிடமே ஒப்படைத்தது. 1972 மே மாதத்தில் மலையேற்ற விபத்தில் கென்ட் எவன்ஸ் இறந்தார். அந்தத் துயரத்தினிடையே கேட்ஸும் ஆலனும் அப்பணியை முடித்தனர். பொறுப்பு வந்த பிறகும் குறும்பு முற்றும் போய்விடவில்லை. தம் வகுப்பைத் தமக்குப் பிடித்தாற்போல் அமைத்துக்கொண்டதாகக் கேட்ஸே பின்னாளில் கூறியதுண்டு. மூன்றே ஆண்டுகளில், 1975இல், கேட்ஸும் ஆலனும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினர்.

பணமும் புகழும் பெற்றவர் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அங்கிருந்த பெரியவர்கள் இரண்டு காரியங்களைச் சேர்த்துச் செய்தார்கள். எல்லை மீறினால் தடை. அறிவுக்கு ஏற்ற வேலை. ஒன்றை மட்டும் செய்திருந்தால் பிள்ளை ஒன்று முடங்கியிருக்கும், இல்லையேல் தறிகெட்டிருக்கும்.

நம் இல்லங்களில்

வாசகர்களே, இப்போது நம் இல்லங்களுக்கு வருவோம். பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2025இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. கல்வி நிலையங்களில் உள்ளிருப்போராலேயே நேர்ந்த 215 தகவல் மீறல்களை ஆராய்ந்ததில், 57 விழுக்காடு மாணவர்கள் செய்தவை. களவாடிய கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்த நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், 97 விழுக்காடு மாணவர்களுடைய கைவரிசை. பெரும்பாலானவற்றுக்கு ஆழ்ந்த கணிப்பொறி அறிவு தேவைப்படவில்லை. நண்பர்களின் சவால், பெயர் வாங்கும் ஆசை, பழிவாங்கும் எண்ணம் ஆகியவை காரணங்களுள் சில. ஆசிரியர்கள் பொறியைத் திறந்தபடி விட்டுச் சென்றதும், தம் பொறியை மாணவரிடம் தந்ததும் வேறு சில மீறல்களுக்கு வழிவகுத்தன. திறந்து கிடந்த கதவுக்கு வீட்டுக்காரரும் பொறுப்பாளரே.

நம் நாட்டுச் சட்டமும் இதை விளையாட்டாகக் கருதவில்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி, இன்னொருவரின் கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் செல்லும். 'வாப்பா, சும்மா விளையாட்டுக்குத்தான் செய்தேன்' என்று பிள்ளை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த விளையாட்டின் மறுமுனையில் இருப்பவர் யார்?

இன்று ஒரு மாணவியின் படத்தைக் கேலியாக மாற்றி அமைக்க, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் குளிர்கால விடுமுறை முழுவதும் தேவையில்லை. சில நிமிடங்களே போதும். வகுப்புக் குழுவில் அனுப்பிய மறுகணம் அது ஐம்பது கைகளில் இருக்கிறது. எல்க் க்ளோனரின் பாட்டு ஐம்பதாவது முறைதான் வரும். தட்டை அணைத்துவிட்டால் போய்விடும். அந்தப் பெண்ணின் படமோ அவள் பெற்றோர், உறவினர் கைப்பேசி வரைக்கும் போய், அவள் பள்ளி செல்லவே அஞ்சும் நிலையை உண்டாக்கிவிடும். அனுப்பியவன் அழித்துவிட்டாலும், வாங்கியவர் அழித்தார் என்று யார் உறுதி கூற முடியும்?

ஆகவே பிள்ளைகளிடம் 'கைப்பேசியைத் தொடாதே' என்று மட்டும் சொல்லிப் பயனில்லை. எதையும் செய்வதற்குமுன் தம்மையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகளைக் கற்றுக்கொடுப்போம். நான் செய்ததை நானே போய்ச் சரிசெய்ய முடியுமா? நான் நினைத்த ஆளைத் தவிர வேறு யாரிடம் இது போகும்? ஏமாந்தவரும் என்னோடு சேர்ந்து சிரிப்பாரா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால் அது குறும்பு; வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் அது கைவிட்டுப் போகும் அம்பு. கடவுச்சொல் என்பது ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் என்று சொன்னால், நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பிள்ளை தவறு செய்து வந்து நின்றால், அடிக்குமுன் கேளுங்கள்: 'எப்படிச் செய்தாய்?' அவன் விளக்கட்டும். அந்த விளக்கத்தில் அவனது அறிவின் அளவு உங்களுக்குத் தெரியும். யாருக்குத் தீங்கு நேர்ந்தது என்பதும் வெளிவரும். தீங்கு நேர்ந்தவரிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள். அவனே மன்னிப்புக் கேட்கட்டும், தன்னால் இயன்றதைச் சரிசெய்யட்டும். அதன்பின் அவன் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். உம்மாவின் கைப்பேசியில் எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் இருக்கிறதா, பாட்டனாருக்கு வரும் 'பரிசு விழுந்தது' என்னும் செய்திகளில் எவை ஏமாற்று என்று அவன் பார்த்துச் சொல்லட்டும். மாதம் ஒருமுறை வீட்டாரை உட்கார வைத்து அவனே விளக்கட்டும். ஓட்டையைக் காணும் கண் அவனுக்கு வாய்த்திருக்கிறது. அந்தக் கண் வீட்டைக் காக்கும் பக்கம் திரும்பும்படி செய்வது நம் பொறுப்பு.